ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண்

மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி நூற்றாறு: முன்விளக்கின் கதிர், வண்டியிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருக்கும் எவருக்கும் கூசாதபடி, கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். விதியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒன்றரை மீட்டர் உயரத்துக் கண் யாருடையது என்று தெரியும். என் மனைவியுடையது. ஒரு நாள் கதவோரம் நிற்கவைத்து டேப் பிடித்தே பார்த்துவிட்டேன். செருப்போடு நின்றால் சரியாக வருகிறது.

இந்த விதி ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் சாலைக்கும் பொருந்தும். சாலைக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

அந்தச் சாலையில் சனிக்கிழமைதோறும் நாங்கள் போய்வருகிறோம். தேவிகாபுரத்தில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். நிலம் உண்டு, மாடுகள் உண்டு, பிள்ளைகள் வெளியூரில் உண்டு. மனைவி இல்லை; அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு மச்சான் காலையில் ஒருமுறை சோறு பொங்குவார். இரவில் மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுப்பார். எதிரில் யாராவது உட்கார்ந்தால் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இதை என் மனைவி தற்செயலாகக் கண்டுபிடித்தாள். ஒரு சனிக்கிழமை பேச்சு நீண்டு இருட்டிவிட்டது. அண்ணனுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தாள். அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த சனிக்கிழமையும் போனோம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாடு கறந்து, பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு அவர் வீடு திரும்புவதற்குள் விளக்கு வைத்து நேரமாகிவிடும். அதனால் போவது வெயிலில், வருவது இருட்டில்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. மச்சானுக்குத் தங்கைகள் மூன்று பேர், மூவரும் ஆரணியில்தான். அவர்களில் கார் வைத்திருப்பவள் என் மனைவி ஒருத்திதான். ஆகவே மூன்று பேருடைய அரிசியும், மூன்று பேருடைய தேங்காயும் பூசணியும், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் எங்கள் டிக்கியில் ஏறும். மூடி மூடாது. மச்சான் அதன்மேல் உட்கார்ந்து மூடுவார்.

"இன்னாத்துக்கு மச்சான் இவ்ளோ? போன வாரத்துதே அப்படியே இருக்குது."

"நீ சும்மா இரு மாப்ள. உனக்கா குடுக்கறேன்? என் தங்கச்சிங்களுக்குக் குடுக்கறேன். நீ வண்டிக்காரன்."

வண்டிக்காரன் என்ற முறையில் நான் குறை வைத்ததில்லை. டவுனைத் தாண்டியும் டிம்மில்தான் ஓட்டுவேன். சாலை வெறிச்சோடியிருந்தால் பிரைட் போடுவேன். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்ததும் இறக்கிவிடுவேன். முன்னால் ஒரு வண்டி போனால் அதன் கண்ணாடியில் என் வெளிச்சம் விழாதபடி டிம்முக்கு வருவேன். இதையெல்லாம் யாரும் பார்த்துப் பாராட்டுவதில்லை என்பது தெரியும். அரசு வேலையிலேயே அது பழகிவிட்டது.

எதிரில் வருபவர்கள் அப்படி இல்லை. தேவிகாபுரத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஆரணி விளக்குகள் தெரியும்வரை, எதிரில் வந்த ஒவ்வொருவரும் என் முகத்தில் பிரைட் அடித்தார்கள். லாரி அடித்தது, பஸ் அடித்தது, பால் வேன் அடித்தது. மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்த ஒருவர்கூட, தன்னிடம் இருந்த சிறு வெளிச்சத்தைத் திரட்டி அடித்துவிட்டுப் போனார்.

ஒரு முறை, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சிறுபாலத்துக்கு இந்தப் பக்கம், எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டு நின்றேன். வேன் தாண்டிப் போகாமல் என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"பெருசு, டிம் பண்ண மாட்டியா?"

"டிம்லதான்பா இருக்குது."

"இதுவா டிம்மு? அப்ப பிரைட்டு போட்டா இன்னா, ஏரோப்ளேன் எறக்குவியா?"

வேன் போய்விட்டது. பக்கத்தில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"நீ எதுக்குச் சிரிக்கற?"

"இல்லீங்க. ஏரோப்ளேன்னு சொன்னான் இல்ல, அதுக்கு."

மறுநாள் மாலை இருட்டியதும் காரைத் தெருவில் நிறுத்தி, எட்டு மீட்டரை டேப்பால் அளந்து, அங்கே அவளை நிற்கவைத்தேன். டிம் போட்டேன். "கூசுதா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். விதி நூற்றாறின் கண்ணே சொல்லிவிட்டது. என் தரப்பு சுத்தம். இனி உலகத்தைத் திருத்துவதுதான் பாக்கி.

நான் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மனுக்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். ஒரு மனுவை எப்படி எழுதினால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எப்படி எழுதினாலும் தட்டிக்கழிக்கலாம் என்பதும் தெரியும். இருந்தாலும் எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்தி விளக்குகளைச் சோதிக்க வேண்டும். பழைய நாளில் செய்ததுபோல முன்விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். ஆயுத பூஜைக்கு விளக்கின் மேல் பூசிய சந்தனத்தைத் துடைத்தால் சாமி குற்றமாகாது என்று அறிவுறுத்த வேண்டும். வேன் ஓட்டுநர் என்னைப் 'பெருசு' என்று சொன்னதைத் தனிப் பத்தியாகச் சேர்த்திருந்தேன். என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பத்தியை அடித்துவிட்டாள். எந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன் என்று சொல்வதற்கில்லை. அங்கே இன்னும் எனக்கு வணக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

மனு போன பிறகு ஒரு வாரம், சனிக்கிழமை வந்தவாசியில் கல்யாணம் என்பதால், வெள்ளிக்கிழமையே தேவிகாபுரம் போய்வந்தோம். அன்று திரும்பும்போது ஓர் அதிசயம் நடந்தது. யாரும் பிரைட் அடிக்கவில்லை. லாரிக்காரர் ஒழுங்காக டிம்முக்கு வந்தார். பஸ்ஸும் வந்தது. சிறுபாலத்தில் எனக்காக ஒரு டிராக்டர் காத்திருந்தது.

"பாத்தியா? மனு போய்ச் சேந்திடுச்சு."

"ஒரே வாரத்திலயா?"

"சரியான ஆள் கைல போனா ஒரே நாள்லயும் நடக்கும்."

அவள் ஒருமுறை பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள். பாதி வழியில் ஒரு பஸ் எதிரே வந்தது. டிம், பிரைட், டிம், பிரைட் என்று இரண்டு முறை அடித்துக் காட்டிவிட்டு, மூன்றாவது முறை பிரைட்டிலேயே நின்றுவிட்டது. எனக்குச் சாலை காணாமல் போனது. பஸ்ஸும் தெரியவில்லை, வெள்ளைக்கோடும் தெரியவில்லை, பால் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் கண்ணாடி முழுக்க. பிரேக்கை அழுத்தியபடி இடதுபக்கம் ஒதுங்கினேன். இடதுபக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கின. கரும்புத் தோகை ஜன்னலில் உரசியது. கார் சாய்ந்து நின்றது. பின்னால் பூசணி ஒன்று உருண்டு எதன்மேலோ மோதும் சத்தம் கேட்டது.

அவள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "பூசணிதாங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் முடிவை அறிவித்தேன். மனுவுக்குப் பதில் வரும்வரை, இருட்டிய பிறகு இந்தக் கார் அந்தச் சாலையில் போகாது.

"பதில் வரலைனா?"

"வரும். வந்தாகணும்."

"அண்ணன் சாப்பாடு?"

"சமைச்சு வெச்சுட்டு வெளிச்சத்திலயே கெளம்பிடலாம்."

அப்படியே செய்தோம். மதியமே போய், அவள் சமைத்து, ஹாட்பேக்கில் சோறும், தூக்கில் குழம்பும், மூடி போட்ட கிண்ணத்தில் பொரியலும் வைத்துவிட்டு, மச்சானின் வயலுக்கே நடந்து போய் அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மூட்டைகளை அவர் காலையிலேயே கட்டி வைத்திருந்தார். ஏற்றும் வேலை எனக்கு வந்தது. இரவு போனில் கேட்டாள்.

"சாப்ட்டியாண்ணா?"

"ஆச்சும்மா."

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வாரம் நாங்கள் சற்று முன்னதாகப் போனோம். மச்சான் வீட்டில் இல்லை. போன வாரத்து ஹாட்பேக் சமையலறை மூலையில், ஒரு முறத்துக்குப் பின்னால் இருந்தது. கழுவுவதற்கு எடுத்தபோது கனத்தது. திறந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். எனக்கே வாடை வந்தது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

அவள் தொட்டியடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, நார் போட்டு நெடுநேரம் தேய்த்தாள். பிறகு புதிதாகச் சமைத்து அதே ஹாட்பேக்கில் வைத்தாள். கிளம்பி ஊரெல்லை தாண்டியதும் கேட்டாள்.

"பதில் வந்துச்சாங்க?"

"இன்னும் இல்ல."

"இனிமே ராத்திரி நான் ஓட்டறேன்."

அவள் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியவள். பகலில் மார்க்கெட்டுக்கும் வேலூருக்கும் அவள்தான் ஓட்டுகிறாள். அவள் ஓட்டுவதில் நான் சொல்லக்கூடிய குறை ஒன்றுதான்: நான் சொல்வதைக் கேட்பதில்லை.

"எனக்கே கண்ணு தெரியல. உனக்கு எப்படித் தெரியும்?"

"புரை ஆபரேஷன் பண்ணிகினது நீங்க. நான் இல்ல."

"மனு நெலுவைல இருக்கும்போது..."

"மனு இருக்கட்டுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். எங்கண்ணன் தண்ணிய குடிச்சுட்டுப் படுத்துகினு இருக்காரு."

ஆரணிக்குள் நுழையும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. வீட்டு வாசலில் நான் டிக்கியைத் திறக்கப் போனேன். "மூட்டைய எறக்காதீங்க" என்றாள். "காரை அந்தச் சுவத்தைப் பாத்து நிறுத்துங்க."

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பட்டு நூல் கிடங்கு. அதன் வெள்ளைச் சுவர் தெருமுனைவரை நீண்டு கிடக்கிறது. ஜவுளிக்கடைக்காரரான பக்கத்து வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நாடகம் வேண்டாமே என்று நினைத்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே சுவரோரம் போய் நின்று, காருக்கும் தனக்கும் நடுவே இருந்த தரையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"எட்டு மீட்டர் இருக்குமா?"

"கொஞ்சம் பின்னால எடுக்கறேன். ம், சரி."

"டிம் போடுங்க."

போட்டேன். அவள் கையை எடுத்து நெற்றிமேல் வைத்துக்கொண்டாள்.

"கூசுதுங்க."

"அன்னிக்கு இதே எடத்துல கூசலைன்னியே?"

"அன்னிக்கு மூட்டை இல்லியே."

நான் காரை விட்டு இறங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தின் மேல்விளிம்பு சுவரில் ஒரு கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. அந்தக் கோடு அவளுடைய தலைக்கு மேலே இருந்தது. காரைப் பக்கவாட்டில் பார்த்தேன். பின்பக்கம் அமர்ந்து, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது, சாமியார் ஆசீர்வாதம் செய்வதுபோல.

"வெள்ளிக்கிழமை போனமே, அன்னிக்கு எவனாவது அடிச்சானா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை தானியத்தை வீட்டை விட்டு வெளியே கொடுப்பதில்லை. லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று மச்சான் அன்று ஒரு தேங்காய்கூடக் கொடுக்கவில்லை. டிக்கி காலியாக வந்தது. எனக்கு இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சேர்த்துப் பார்ப்பது வேறு பிரிவின் வேலை என்று இருந்துவிட்டேன்.

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"இன்னா சார், அம்மாவ சுவத்தோட நிக்க வெச்சு ஃபோட்டோ எடுக்கறீங்களா?"

"லைட் செக் பண்றோம்."

"பார்டர் மேல ஏறிக் கெடக்குது சார்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு எதைப் பார்த்தாலும் புடவைதான்.

மூட்டைகளை இறக்குவதுதான் வழி என்று நான் சொன்னேன். மச்சானிடம் இனி அரிசி வாங்குவதில்லை என்று ஒரு முடிவெடுக்கலாம். "மூணு தங்கச்சிங்களுக்கும் ஒண்ணும் வேணாம்னு அவருகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். அதைச் சொல்லக்கூடிய ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், நாணயம் அளவுக்கு ஒரு சிறு சக்கரம், பூஜ்யத்திலிருந்து எண்கள் போட்டு இருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் அது எதற்கு என்று என்னைக் கேட்டிருக்கிறாள். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு, அதைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன். எதற்கென்று தெரியாத ஒன்றைத் தொடாதே என்று சொல்வதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அவள் தொட்டாள். ஒன்று. சுவரில் இருந்த கோடு சற்று இறங்கியது. இரண்டு. இன்னும் இறங்கியது. மீட்டர் வெளிச்சத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எறங்குது, எறங்குது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இன்னும் ஒரு இஞ்ச்சு விடும்மா."

மூன்று. கோடு இடுப்பளவுக்கு வந்து நின்றது.

"நீங்க போய் நில்லுங்க," என்றாள் என்னிடம். போய் நின்றேன். ஆனால் நான் அவளைவிட உயரம். என் கண் ஒன்றரை மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்தச் சோதனை செல்லாது. ஆகவே முழங்காலை மடக்கி, விதி சொல்லும் உயரத்துக்குக் குனிந்து நின்றேன். தெருவில் போனவர்கள் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"கூசுதா?"

"இல்ல."

"சத்தமா சொல்லுங்க."

"கூசலம்மா. கூசல."

அடுத்த சனிக்கிழமை இருட்டும்வரை இருந்தோம். மச்சான் பால் ஊற்றிவிட்டு வந்து, வாசலில் கார் நிற்பதைப் பார்த்துத் தயங்கினார்.

"இன்னாமா, இன்னும் கெளம்பலியா? இருட்டிடுச்சே."

"சாப்ட்டுட்டுப் போறோம். கைய கழுவிட்டு வாண்ணா."

அவர் உட்கார்ந்தார். முதல் சோற்றுக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதற்கு மழையைப் பற்றிப் பேசினார். மூன்றாவதற்கு உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார். அவள் முகத்தை நான் பார்த்தேன். தன் சமையலைக் குறை சொன்னதற்கு அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அதே குறையை நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பலன் வேறு மாதிரி இருந்தது.

டிக்கியில் எல்லாம் ஏறியது. மச்சான் மேலே உட்கார்ந்து மூடினார். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறுவதைப் பார்த்து என் பக்கம் திரும்பினார்.

"வண்டிக்காரன் வேலையும் போச்சா மாப்ள?"

"ரிட்டையர் ஆயிட்டேன் மச்சான். ரெண்டாவது தடவை."

அவள் விளக்கைப் போட்டாள், சிறு சக்கரத்தை மூன்றில் வைத்தாள், கிளம்பினாள். காலியான இடங்களில் பிரைட் போட்டாள். எதிரே வெளிச்சம் தெரிந்ததும் நான் சொல்வதற்கு முன்பே இறக்கினாள். நான் சொல்வதற்கு வாய் திறந்தது மட்டும் வீணாகிக்கொண்டே வந்தது. கரும்புக்காடு தாண்டும்போது அந்த பஸ் வந்தது. தூரத்திலேயே அவள் டிம்முக்கு வந்தாள். பஸ்ஸும் வந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று கடந்து போயின. அவ்வளவுதான். கடந்து போன பிறகும் சாலை, வெள்ளைக்கோடு, ஓரத்துப் புளியமரங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் இருக்கையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தால் அந்தச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நாள் தெரியவில்லை.

மனுவைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு நடைமுறை உண்டு. அதற்கு மனு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். நேரில் போய் விசாரித்தேன். வணக்கம் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், மனு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன். சனிக்கிழமைகள் பாட்டுக்கு நடந்தன. மச்சான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். போன மாதம் அரிசியோடு ஒரு வாழைத்தாரும் சேர்ந்ததால், சக்கரத்தை நான்கில் வைக்க வேண்டியிருந்தது.

பிறகு பதில் வந்தது. ஒரே பக்கம். மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டதாகவும், உரிய நடவடிக்கைக்காக உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகவும் இருந்தது. கனிவு என்ற சொல்லை எங்கள் காலத்திலும் அங்கேதான் போடுவோம். கடைசி வரி மட்டும் புதிது: மனுதாரரும் தம் வாகனத்தின் முகப்பு விளக்குகளை விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். யாரோ விவரம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தில் போட்டிருந்த தேதி ஒன்று, தபால் முத்திரையில் இருந்த தேதி வேறொன்று. இரண்டையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. பதில் என் கைக்கு வந்தது தை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, அவள் காரைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டு எனக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது.